ரயில் போன பிறகும் குனிந்து நின்றவள்

விமான நிலையத்தில் நடந்ததை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் அது குசினியிலும் இருந்தது, படுக்கையறையிலும் இருந்தது.

நாலு வருடம் கழித்துக் கணவனிடம் வந்து சேர்ந்தவள் சிவமலர். கண்ணாடிக் கதவு திறந்து அவள் வெளியே வந்ததும் உருத்திரமூர்த்தி சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்தான். நெற்றியில் முத்தமிட்டான். பிறகு, அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க, மூச்சு முட்ட அணைத்துக்கொண்டான்.

என்ன செய்கிறோம் என்று அறியுமுன்னே அவள் கை அவன் நெஞ்சில் ஊன்றித் தள்ளிவிட்டது. பின்னால் நின்ற சாமான் வண்டியில் இடறி அவன் விழப்பார்த்தான்.

அன்றிலிருந்து அவன் அவளைத் தொடவில்லை. கோபித்தாலாவது பரவாயில்லை. மரியாதையாக அல்லவா பேசினான்!

"குளிருதோ?"

"இல்லை."

"போர்வை காணுமோ, இன்னொண்டு தரட்டோ?"

"காணும்."

விருந்துக்கு வந்தவளை விசாரிப்பது போல விசாரித்துவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

மூர்த்தியின் தமக்கை சாந்தாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. கணவனை இழந்த பிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவள் அவள். ஜெர்மனியின் வுப்பர்டாலில் அவன் எடுத்த இரண்டு அறை வீட்டைக் கட்டி ஆள்பவளும் அவள்தான்.

"நீ செய்ததுதான் சரி, பிள்ளை. இவனுக்கு வெள்ளைக்காரற்றை பழக்கம் தொத்திப்போச்சு. ஆக்களுக்கு முன்னாலை இதென்ன கூத்து? எங்கடை அம்மாவும் அப்புவும் ஒருநாள் பக்கத்திலை நிண்டு பாத்திருக்கிறமோ?"

சிவமலர் வெங்காயத்தை உரித்தாள். மச்சாள் மெச்சும்போதெல்லாம் தான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டது போல அவளுக்கு இருந்தது.

உண்மையில் அவள் வெட்கத்தில் தள்ளவில்லை. அதை யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை காலை. யன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிறைந்திருந்தது. வந்த நாளிலிருந்து சிவமலருக்கு எல்லாமே அப்படித்தான். வீதி, மரங்கள், மணி அடிக்கும் தேவாலயம், எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலவும், தான் மட்டும் மேலே மிதந்துகொண்டு பார்ப்பது போலவும் இருந்தது.

மூர்த்தி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

"இண்டைக்கு ஹிரானோ சான் யப்பானுக்குப் போறார். ரயிலடிக்குப் போய் வழியனுப்ப வேணும். நீர் வாறீரோ?"

ஹிரானோதான் அவனுடைய முதலாளி; 'சான்' என்பது யப்பானியர் பெயரோடு சேர்க்கும் மரியாதை. டுசில்டோர்ஃப் நகரில், யப்பானியக் கடைகள் வரிசையாக இருக்கும் இம்மர்மான் தெருவில், ஒரு சின்ன உணவகம் வைத்திருந்தார். பாத்திரம் கழுவப் போன மூர்த்திக்கு மீன் வெட்டக் கற்றுக்கொடுத்தவர்.

"வாறன்" என்றாள் சிவமலர்.

"நானும் வாறன்" என்றாள் சாந்தா, கேளாமலே. "யப்பான்காரர் எங்களைப் போலை அடக்கமான ஆக்களாம். பாப்பம்."

டுசில்டோர்ஃப் ரயிலடியில் காற்று சுழன்று அடித்தது. உணவகத்தில் வேலை செய்கிறவர்கள் மூன்று நான்கு பேர் ஏற்கெனவே வந்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் கறுப்பு மேலங்கியோடு ஹிரானோ. ஒரு எட்டுத் தள்ளி அவர் மனைவி தொமோக்கோ.

ஹிரானோவின் தமையன் ஊரில் இறந்துபோனாராம். தலைமுறையாக நடந்துவரும் குடும்பக் கடையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. மகளின் படிப்பும் உணவகமும் இங்கே இருப்பதால் மனைவி நிற்கிறாள், அவர் போகிறார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் மூர்த்தி தமக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் சிவமலருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

அவர் விமானம் ஏறும் பிராங்போர்ட்டுக்குப் போகும் ரயில் வந்து நின்றது.

பக்கத்துப் பெட்டி வாசலில் ஒரு ஜெர்மன்காரப் பொடியனும் பெட்டையும் முத்தமிட்டுக்கொண்டார்கள். ரயிலில் ஏற வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் போவது போல.

"சிவ சிவா" என்று சாந்தா முகத்தைத் திருப்பினாள்.

ஹிரானோ ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். மூர்த்தியின் முன்னால் வந்தபோது மற்றவர்களுக்குக் குனிந்ததிலும் கூடுதலாகக் குனிந்தார். மூர்த்தியும் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்ததைச் சிவமலர் கண்டாள். ஒரு முதலாளிக்காகவா இவ்வளவு?

கடைசியாக அவர் மனைவியிடம் போனார். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு குழந்தை நிற்கக்கூடிய இடைவெளி இருந்தது. அவர் ஏதோ சொன்னார். அவள் ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அவ்வளவுதான். அவர் ஏறிவிட்டார்.

கதவு மூடியது. தொமோக்கோ இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்து, இடுப்பு மடியக் குனிந்தாள். கண்ணாடிக்கு உள்ளே அவரும் குனிந்தார். ரயில் நகர்ந்தது. அவர் போய்விட்டார். அடுத்த பெட்டி போனது, அதற்கு அடுத்த பெட்டி போனது. அவள் நிமிரவில்லை. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது. வெறும் தண்டவாளத்தைப் பார்த்து அவள் அப்படியே குனிந்து நின்றாள். காற்று அவள் மேலங்கியின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

ரயிலடியின் அத்தனை இரைச்சலும் ஒரு கணம் அடங்கினாற் போலிருந்தது சிவமலருக்கு.

"பாத்தியே?" சாந்தா அவள் காதுக்குள் சொன்னாள். "இதெல்லோ குடும்பம்! ஒரு விரல் பட்டுதோ? மனுசர் எண்டால் இப்பிடி இருக்க வேணும்."

மூர்த்திக்கும் அது கேட்டிருக்கும். அவன் படிகளை நோக்கி நடந்தான்.

சிவமலருக்குத் தன் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. கலியாணமாகி ஐந்து மாதம். கொழும்புக்குப் போகும் வான் வண்டியில் ஏறும்போது மூர்த்தி, "அப்ப நான் வாறன்" என்றான். "ஓம்" என்றாள். அதோடு சரி. திரும்பியும் பார்க்கவில்லை அவன். அந்த 'ஓம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் நாலு வருடம் இருந்தாள்.

அன்று உணவகத்துக்கு விடுமுறை. தொமோக்கோ எல்லாரையும் தேநீருக்குக் கூப்பிட்டாள். மற்றவர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டுப் போனார்கள். பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று அவள் கேட்க, மூர்த்தி குசினிக்குள் போனான்.

கதிரைகள் மேசைகள் மீது கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கடதாசி ஒட்டிய யன்னல் வழியாக வெளிச்சம் பால் போல உள்ளே வடிந்தது. மூன்று பெண்கள் ஒரு மேசையில் இருந்தார்கள்.

சிவமலர் ஊரில் சின்ன வகுப்புகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்தவள். தொமோக்கோவுக்கும் கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும். சாந்தாவுக்கு அது சுத்தமாக வராது. கைப்பிடி இல்லாத கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் கடைசியாக என்ன சொன்னார்?" சிவமலர் கேட்டாள். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாதோ என்று தோன்றியது.

தொமோக்கோ சிரித்தாள். "பின்கதவுத் தாழ்ப்பாள் இறுகிப்போயிருக்கிறது, எண்ணெய் விடு என்றார். நான் சரி என்றேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

குசினிக்குள் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. மூர்த்தி அதை இழுத்து இழுத்துப் பார்ப்பது கேட்டது.

"எங்கள் நாட்டில் அப்படித்தான்" என்றாள் தொமோக்கோ, சொற்களைத் தேடித் தேடி. "புருஷனும் பெண்சாதியும் தெருவில் தொட்டுக்கொண்டால், பார்க்கிறவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பார். எங்கள் சந்தோஷத்துக்காக அவரை ஏன் தவிக்க விடவேண்டும்? அது மரியாதை இல்லை. என் அம்மா அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார். அது அழகென்று நானும் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்."

"எங்கடை ஊரிலும் அப்படித்தான்" என்றாள் சிவமலர். நீண்ட நாளைக்குப் பிறகு சொந்தக்காரி ஒருத்தியைக் கண்டது போல இருந்தது. "அந்தக் கடைசிப் பெட்டி போன பிறகும் நீங்கள் நிமிரவேயில்லை. எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன்."

தொமோக்கோ தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரியாதை இல்லை" என்றாள் மெதுவாக. "நான் அழுதுகொண்டிருந்தேன். முகத்தை யாரும் பார்க்கக்கூடாதே."

சிவமலர் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இன்றைக்கு அவர் என் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். கையுறையைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். அவர் பிடிக்கவில்லை. நானும் நீட்டவில்லை. இரண்டு பேருக்கும் பழக்கமில்லை." அவள் மறுபடியும் சிரித்தாள். இந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "தெருவில் அவர் கைபிடித்து நடந்த ஒரே ஆள் உங்கள் புருஷன்தான்."

"என்ர அவரா?"

"போன ஒக்டோபரில். அந்தச் செய்தி வந்த மாலை. சமையலறையில் உங்கள் புருஷன் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழும்பவேயில்லை. என்னுடையவர் அடுப்பை அணைத்தார். சாப்பிட வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். பிறகு உங்கள் புருஷனைத் தூக்கி நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தெரு முழுக்க ரயிலடி வரைக்கும் நடந்தார். எல்லாரும் பார்த்தார்கள். நான் பின்னால் போனேன். எனக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது."

"என்ன செய்தி?"

தொமோக்கோ நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"உங்களுக்குச் சொல்லவில்லையா?"

"என்ன செய்தி?"

"நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று."

யன்னல் கடதாசியில் யாரோ கடந்துபோன நிழல் நீளமாக ஊர்ந்து மறைந்தது.

"என்னவாம்?" சாந்தா கேட்டாள். "என்ன சொல்லுறா? ரயில் கதையோ?"

சிவமலர் மச்சாள் பக்கம் திரும்பினாள். "மச்சாள், ஐப்பசியிலை நான் செத்துப்போனன் எண்டு இஞ்சை கதை வந்ததோ?"

சாந்தாவின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பிறகு மெல்ல மேசைக்கு இறங்கியது.

"உனக்கு ஆர் சொன்னது?"

"வந்ததோ இல்லையோ?"

"கொழும்பிலை இருந்து ஆரோ ரெலிபோன் எடுத்தவை. சனம் இருந்த பள்ளிக்கூடத்திலை ஷெல் விழுந்ததாம், நீயும் அதுக்குள்ளை எண்டு..." சாந்தா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "பிறகு பிழையான செய்தியெண்டு தெரிஞ்சுது. செத்ததெண்டு கதை வந்தால் ஆயுசு கூடும், பிள்ளை. அதை ஏன் இப்ப கிளறுவான்? உயிரோடை இருக்கிற ஆளிட்டை அதைச் சொல்லலாமோ? அவன்தான் சொல்ல வேண்டாமெண்டவன்."



ஐப்பசியில் சிவமலர் வேறொரு பள்ளிக்கூடத்தில், வாங்குப் பலகைக்கு அடியில், ஊர்ச் சனத்தோடு சுருண்டு கிடந்தாள். மழை பெய்தது. கூரை ஒழுகியது. அவரை இனிப் பார்ப்பேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில், தான் கண்டேயிராத இந்தத் தெருவில், அவள் இறந்துபோயிருக்கிறாள். தனக்காக அடுப்பு அணைந்திருக்கிறது. தன்னை அறியாத ஒரு மனிதர் தன் கணவனின் கையைப் பிடித்து நடந்திருக்கிறார்.

விமான நிலையத்தில் அவன் வெள்ளைக்காரரைப் பார்த்துப் பழகியதைச் செய்யவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பிடித்தானே, அது முத்தமிட அல்ல. இருக்கிறாளா என்று தொட்டுப் பார்க்க.

அவளோ தள்ளிவிட்டாள்.

குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு மூர்த்தி வந்தான். கையில் எண்ணெய்க் கறை.

"இனிச் சரி. சத்தமில்லாமல் போகுது" என்று தொமோக்கோவுக்கு ஜெர்மன் மொழியில் சொன்னான். பிறகு மூன்று பேரின் முகத்தையும் பார்த்தான். "என்ன?"

"ஒண்டுமில்லை" என்றாள் சாந்தா முந்திக்கொண்டு. "வெளிக்கிடுவம்."

வாசலில் தொமோக்கோ குனிந்தாள். சிவமலரும் குனிந்தாள். நிமிர்ந்தபோது, யார் முதலில் நீட்டியது என்று தெரியவில்லை, இரண்டு பெண்களின் கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. தொமோக்கோவின் விரல்கள் சில்லென்று இருந்தன.

திரும்பும் ரயில். வுப்பர்டாலின் எல்லையில், ஃபோவிங்கல் வந்தபோது, சிவமலர் எழுந்து நின்றாள்.

"இதிலை இறங்கி, அந்தத் தொங்குரயிலிலை போவமோ? நான் ஏறேல்லை இன்னும்."

"இதிலையே இருந்தால் வீட்டடியிலை இறங்கலாம். வீணா ஏன்?" என்றாள் சாந்தா.

மூர்த்தி சிவமலரைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அவள் கேட்ட முதல் விருப்பம் அது. "இறங்குவம்" என்றான்.

தலைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம். அதில் தொங்கிக்கொண்டு வண்டி வந்தது. முதலில் வீதிக்கு மேலே போனது. ஆட்களின் தலைகளும் கார்களின் கூரைகளும் காலுக்குக் கீழே ஓடின. பிறகு வீதி விலகியது. ஆறு வந்தது. ஆற்றின் மேலே, இரண்டு கரை மரங்களுக்கும் நடுவில், வண்டி பறந்துகொண்டிருந்தது. வளைவு வரும்போது முழுப் பெட்டியும் தொட்டில் போல ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. மூடுபனி கலைந்து, மாலை வெயில் தண்ணீரில் செம்பாகக் கிடந்தது.

சாந்தாவுக்கு முன்வரிசையில் யன்னலோரம் இடம் கிடைத்தது. அவர்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றார்கள். மூர்த்தி மேலே கம்பியைப் பிடித்திருந்தான். மற்றக் கை சும்மா தொங்கியது.

சிவமலர் அந்தக் கையைப் பிடித்தாள்.

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். விரல்கள் விறைத்துப்போய் நின்றன. பெட்டியில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கிழவர் பேப்பருக்கு மேலால் பார்த்தார்.

"அக்கா இருக்கிறா" என்றான் மெதுவாக.

"ஓம். இருக்கிறா."

அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் விரல்கள் இளகி, அவள் விரல்களுக்கு இடையில் வந்தன.

"அண்டைக்கு நான் வெக்கத்திலை தள்ளேல்லை" என்றாள். "பயத்திலை. உங்கடை மணம் மாறிப்போச்சு. தாடி வைச்சு, அந்தப் பெரிய கோட்டும் போட்டு... ஆரோ ஒருத்தர் வந்து பிடிச்ச மாதிரி இருந்தது. நாலு வருசமா நான் நினைச்சு வைச்சிருந்த ஆளை அந்த ஆள் கொன்றுபோட்டார் போலை."

அவன் பிடி இறுகியது.

"நான் செத்துப்போனன் எண்டு ஏன் சொல்லேல்லை?"

வண்டி வளைவில் சாய்ந்தது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, பிறகு நிமிர்ந்தார்கள்.

"தொமோக்கோ சொல்லிப்போட்டாவோ?"

"சொல்லிப்போட்டா."

அவன் நீண்ட நேரம் ஆற்றைப் பார்த்தான்.

"அது மட்டுமில்லை, மலர். அந்தக் கிழமை நான் ஒரு காரியம் செய்துபோட்டன். நீர் இல்லையெண்டு நினைச்சு. அண்டைக்கு உம்மைக் கண்டவுடனை அது மறந்துபோச்சு. பிறகு, அதை உமக்குச் சொல்லாமல் உம்மைத் தொட எனக்கு என்ன உரிமை இருக்கெண்டுதான் நானும் விலகி..." அவன் நிறுத்தினான். "அக்காவுக்குத் தெரியும்."

முன்வரிசையில் சாந்தா திரும்பவில்லை. ஆனால் அவள் பிடரி கல்லாக நிமிர்ந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது.

சிவமலர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். என்ன காரியம்? கேட்டால் சொல்லிவிடுவான். அவன் முகத்தில் அது தெரிந்தது. நாக்கின் நுனியில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

கீழே ஆறு மினுங்கியது. யாரோ ஒரு பெண் கரையில் நின்று தலைக்கு மேலே போகும் வண்டியைப் பார்த்துக் கையாட்டினாள்.

"வீட்டை போய்ச் சொல்லுங்கோ" என்றாள் சிவமலர். "எல்லாத்தையும் சொல்லுங்கோ. இப்ப வேண்டாம். கடைசித் தரிப்பு வரைக்கும் இப்பிடியே நிப்பம்."

வண்டி ஒரு தரிப்பில் நின்றது. கதவு திறந்து ஆட்கள் திபுதிபுவென்று ஏறினார்கள். அவர்கள் இருவரையும் இரண்டு பக்கமும் நெருக்கினார்கள். வழிவிடுவதற்காக மூர்த்தி கையை இழுக்கப் பார்த்தான்.

அவள் விடவில்லை.